குரூசர் சைக்கிள்: எந்த முறைப்பாட்டுக்கு எங்கே பார்ப்பது?

2022இல் பெற்றோல் வரிசையில் நின்று களைத்தபோது வன்னியில் பலர் சைக்கிளுக்குத் திரும்பினார்கள். அகப்பட்டதை வாங்கியவர்களும் உண்டு. லீவில் வந்த மருமகன் ஆசைக்கு வாங்கி ஓடிவிட்டு மாமனார் வீட்டில் விட்டுப்போனதும் உண்டு. இப்படி வந்த குரூசர் சைக்கிள்கள், அதுதான் கொழுத்த ரயரும் அகன்ற ஹாண்டிலும் பெரிய ஸ்பிறிங் சீற்றும் உள்ளவை, கொஞ்சக் காலம் கோழி ஏறி இருந்த பிறகு என் விறாந்தைக்கு வந்து சேருகின்றன. கொண்டுவருபவர் எவராக இருந்தாலும் முறைப்பாடு கீழே உள்ளவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

ஒவ்வொன்றிலும் காசு போகாத காரணத்தை முதலிலும் காசு தின்னும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். அந்த ஒழுங்கிலேயே பாருங்கள். பெயரிங் எல்லாம் மாற்றி முடித்த பிறகு ரயருக்குக் காற்றடித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

கையில் இருக்க வேண்டியவை: 15ஆம் நம்பர் சாவி, ஒரு அட்ஜஸ்டபிள் சாவி, அலன் கீ செற், பம்ப், ஒயில், கிறீஸ், பழைய சாரத்துண்டு, பிள்ளையின் பள்ளிக்கூட அடிமட்டம்.

“உழக்க உழக்கப் போகுதில்லை”

முதலில் காற்று. ரயருக்குள் இருக்கிற காற்று, பிறகு வெளியே வீசுகிற காற்று.

ரயரின் பக்கத்தில் அழுத்தம் எழுதியிருக்கும். 26 × 2.125 ரயருக்கு அது பெரும்பாலும் 40க்கும் 65 பி.எஸ்.ஐ.க்கும் இடையில் ஒரு எண். அதுதான் உச்சம். தார் றோட்டுக்கு உச்சத்துக்குச் சற்றுக் கீழே, கிறவல் றோட்டுக்கு 30 முதல் 35 வரை போதும். இந்த ரயரின் கள்ளம் என்னவென்றால், பாதிக் காற்றிலும் பார்வைக்கு நல்லாகத்தான் இருக்கும். பெருவிரலால் அமத்திப் பார்ப்பதும் சரிவராது. ஒருவரை ஏறி இருக்கச் சொல்லிவிட்டு, நிலத்தைத் தொடும் இடத்தைக் குனிந்து பாருங்கள். பக்கம் பிதுங்கி றிம் கீழே இறங்கினால் காற்றுக் காணாது.

வெளிக்காற்றுக்குச் சாவி இல்லை. மே தொடக்கம் செப்டெம்பர் வரை சோளகம் அடிக்கும். குரூசரில் நிமிர்ந்து இருப்பதால் நெஞ்சு முழுவதும் அதற்குத்தான். ஆனையிறவு வெளியிலோ பரந்தன்–பூநகரி றோட்டிலோ பத்து மணிக்குப் பிறகு இந்த சைக்கிளை உழக்கிவிட்டு “பெயரிங் பிழை” என்று வருபவர்களை, நாளைக் காலை ஆறரைக்கு அதே றோட்டில் ஒருக்கால் ஓடிப் பார்க்கச் சொல்லி அனுப்புவேன். பலர் திரும்பி வருவதில்லை. போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று என்று பாதையை எடுங்கள். மாறி எடுத்தால் களைத்துத் திரும்பும் நேரத்தில்தான் காற்று முகத்தில் அறையும்.

இரண்டும் இல்லையென்றால் சில்லுக்கு வாருங்கள். முன் சில்லைத் தூக்கி மெதுவாகச் சுற்றி விடுங்கள். நல்ல பெயரிங் என்றால் சில்லு ஓய்ந்து நிற்க முன்னர், பாரமான பக்கம் கீழே வந்து, சற்றுத் தாண்டி, திரும்பி, மறுபடி ஆடி அடங்கும். அந்த ஆட்டம் இல்லாமல் வெடுக்கென்று நின்றால் ஒன்று பிரேக் கட்டை உரசுகிறது, அல்லது கோன், அதாவது பெயரிங்கை அமத்தும் கூம்பு நட், இறுக்கம், அல்லது கிறீஸ் காய்ந்துவிட்டது. உரசலைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம். கோனைக் கால் சுற்றுத் தளர்த்திப் பாருங்கள். சில்லு பக்கவாட்டில் ஆடக்கூடாது, ஆனால் சுதந்திரமாகச் சுற்ற வேண்டும்.

பின் சில்லை முன்னோக்கிக் கையால் சுற்றும்போது பெடலும் சேர்ந்து பலமாக இழுபட்டால் பின் அச்சும் இறுக்கம்தான். செயின் காய்ந்து சிவந்திருந்தால் ஒயில் விட்டு, பத்து நிமிடம் ஊறவிட்டு, வெளியே வழிவதைச் சாரத்துண்டால் துடைத்துவிடுங்கள். துடைக்காவிட்டால் கிறவல் புழுதி ஒயிலோடு சேர்ந்து அரைக்கத் தொடங்கும்.

செயினைக் கழற்றிவிட்டுக் கிராங்கை, அதாவது பெடல் பூட்டிய கையை, சுற்றும்போது கரகரவென்றால் நடு அச்சில் போல்ஸ், அதாவது பெயரிங் குண்டுகள், தேய்ந்திருக்கும். பல குரூசர்களில் இரண்டு பக்கக் கிராங்கும் ஒரே இரும்பாக வளைத்து வந்திருக்கும். அதைத் திறப்பதென்றால் இடப்பக்கப் பெடலும் இடப்பக்க நட்டும் எதிர்ப்பக்கமாகக் கழரும் என்பது ஞாபகம் இருக்கட்டும். அது தெரியாமல் பலத்தைக் காட்டினால் புரி போய்விடும். பெரிய சாவி இல்லாதவர்கள் இந்த இடத்தில் கடைக்குக் கொண்டுபோவது நல்லது.

எல்லாம் சரி, இன்னும் பாரம் என்கிறீர்களா? முன் பற்சில்லிலும் பின் பற்சில்லிலும் பல்லை எண்ணுங்கள். முன்னுக்கு 44, பின்னுக்கு 18 என்றால் வயது போனவர்களுக்கும் எதிர்க்காற்றுக்கும் அது கொஞ்சம் பாரம்தான். பின் பற்சில்லை 20 அல்லது 22 பல்லுக்கு மாற்றினால் கால் இலகுவாகும், வேகம் சற்றுக் குறையும். பின் மிதிக்கும் பிரேக் உள்ள அச்சில் அது ஒரு வளையக் கொளுவியைக் கழற்றி மாற்றும் வேலைதான். செயினில் இரண்டொரு கண் கூட்ட வேண்டி வரலாம்.

“பின்னுக்கு மிதித்தால் பிடிக்குதில்லை”

இதை மட்டும் பிறகு பார்ப்போம் என்று விடவேண்டாம். சரிப்படுத்தும் வரை ஏ9 வீதிப் பக்கம் தலைகாட்டவும் வேண்டாம்.

குரூசர்களில் பெரும்பாலும் கோஸ்டர் பிரேக் இருக்கும். பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பின் சில்லின் அச்சுக்குள்ளேயே பிடிக்கும். கைப்பிரேக்கில் வளர்ந்த நமக்கு முதல் பழுது காலில்தான். ஒரு பெடல் நேர் மேலேயும் மற்றது நேர் கீழேயும் நிற்கும்போது அமத்தினால் வலு இறங்காது. இரண்டும் நிலத்துக்குச் சமாந்தரமாக வரும்போது, பின்னால் நிற்கும் பெடலை அமத்துங்கள். முற்றத்தில் நாலைந்து தரம் பழகினால் கால் தானாகவே அந்த இடத்தைத் தேடிப் பிடிக்கும்.

பழகிய காலுக்கும் பிடிக்கவில்லையா? பின் சில்லின் இடப்பக்கத்தைப் பாருங்கள். அச்சிலிருந்து ஒரு தகட்டுக் கை முன்னோக்கி நீண்டு, சட்டத்தோடு சின்னப் பட்டி ஒன்றால் பூட்டப்பட்டிருக்கும். நான் காணும் கோஸ்டர் பிரேக் பழுதுகளில் முக்கால்வாசி இந்தப் பட்டியில்தான். பஞ்சர் ஒட்டக் கொடுத்த இடத்தில் சில்லைக் கழற்றியவர், திரும்பப் பூட்டும்போது இந்த ஆணியைத் தேவையில்லாத சாமான் என்று நினைத்து விட்டிருப்பார். பூட்டாத கை பிரேக் பிடிக்கும்போது சுழலும், வளையும், அச்சைத் தளர்த்தும், கம்பிக்குள் மாட்டினால் ஆளையும் விழுத்தும். பட்டியும் ஆணியும் நட்டும் சின்னக் காசு. பஞ்சர் கடையிலிருந்து சைக்கிளை எடுக்கும்போது இந்த இடத்தில் கையை வைத்து ஒருமுறை ஆட்டிப் பாருங்கள்.

கை சரியாகப் பூட்டியிருந்தும் வழுக்குகிறது என்றால் உள்ளே பிரேக் கட்டை தேய்ந்திருக்கலாம். தொட்டவுடனே வெடுக்கென்று இறுகுகிறது என்றால் கிறீஸ் காய்ந்திருக்கும். இரண்டுக்கும் அச்சைத் திறக்க வேண்டும். துளைக்குள்ளால் மெல்லிய ஒயில் விட்டுச் சமாளிக்கலாம் என்று சொல்வார்கள். அந்த ஒயில் இருக்கிற கிறீஸையும் கரைத்துக்கொண்டு போய்விடும், வேண்டாம். இது கடை வேலை. எல்லாச் சைக்கிள் கடையிலும் கோஸ்டர் அச்சைத் திறந்து பழகிய கை இருக்காது. “இது முந்தித் திறந்திருக்கிறீங்களோ அண்ணை?” என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். இல்லையென்றால் வேறு கடை பாருங்கள்.

இன்னொன்று: செயின் கழன்றால் இந்தப் பிரேக் அப்படியே இல்லாமல் போகும். எனவே முன்னுக்கு ஒரு கைப்பிரேக் கட்டாயம் பூட்டுங்கள். முன் போக்கில், அதாவது முன் சில்லைப் பிடிக்கும் கவையில், துளை இருந்தால் பூட்டலாம். அகன்ற ரயரைத் தாண்டி எட்டக்கூடிய நீண்ட கை உள்ளதாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

“செயின் அடிக்கடி கழருது”

மேல் செயினின் நடுவை விரலால் தூக்கி இறக்குங்கள். அரை அங்குலம், அதாவது 12 மில்லிமீற்றர் அளவு ஆட வேண்டும். அதைவிடக் கூட என்றால் பின் நட் இரண்டையும் தளர்த்தி, சில்லைப் பின்னுக்கு இழுத்து, சட்டத்துக்கு நடுவில் நிற்கிறதா என்று பார்த்து இறுக்குங்கள். பிரேக் கையின் பட்டியையும் முதலில் தளர்த்திக் கடைசியில் பூட்ட மறக்கக் கூடாது. செயினை நாண் போல இறுக்கியும் விடாதீர்கள், பிறகு மேலே சொன்ன “போகுதில்லை” முறைப்பாடு தொடங்கும்.

இழுத்து இழுத்து அச்சு கடைசிக்கே போய்விட்டதென்றால் அடிமட்டத்தை எடுங்கள். செயினின் ஒரு பின்னின் நடுவில் சுழியத்தை வைத்தால், 12 அங்குலத்தில் இன்னொரு பின்னின் நடு வர வேண்டும். 12⅛ ஐத் தாண்டினால் செயின் முடிந்துவிட்டது. நல்ல செய்தி: ஒற்றைப் பற்சில்லுக் குரூசருக்குப் பொதுவாக ஊர்ச் சைக்கிளின் அதே அகலச் செயின்தான், எந்தக் கடையிலும் கிடைக்கும். கியர் சைக்கிளின் ஒடுக்கச் செயினைத் தந்தால் வாங்காதீர்கள். புதுச் செயினும் துள்ளினால் பற்சில்லின் பல் ஒருபக்கம் சாய்ந்து தேய்ந்திருக்கும், அதையும் மாற்ற வேண்டும்.

“இரவு அடிச்ச காத்து விடியக் காணேல்லை”

ஊர்ச் சைக்கிளில் வால்கட்டை, உள்ளே ரப்பர். குரூசரில் பெரும்பாலும் மோட்டார் சைக்கிளுக்கு வரும் அதே வகை வால்வு. வீட்டுப் பம்ப் அதற்குக் கொளுவாது என்பதால் பாதிப்பேர் காற்றடிக்காமலே விட்டிருப்பார்கள். மோட்டார் சைக்கிள் ரயர் கடையில் “முப்பத்தைஞ்சு அடியுங்கோ” என்றால் போதும். எண்ணைச் சொல்லாமல் விட்டால் அவர் தன் கைப்பழக்கத்துக்கு அடிப்பார், அந்த இயந்திரம் கண்மூடித் திறக்க முன்னர் உச்சத்தைத் தாண்டிவிடும்.

வால்வு வாயில் எச்சில் தொட்டு வையுங்கள். குமிழி எழும்பினால் உள்ளே இருக்கும் ஊசி தளர்வு, இறுக்கலாம் அல்லது மாற்றலாம். குமிழி இல்லையென்றால் ரியூப்பை எடுத்துத் தண்ணீரில் பிடியுங்கள். ஓட்டை எங்கே என்பதில்தான் முழுக் கதையும் இருக்கிறது.

ரயர்ப் பக்கம் ஒரு ஓட்டை என்றால் நெருஞ்சி, உடைமுள், அல்லது கம்பித்துண்டு. ஒட்டுப் போட முன்னர் ரயரின் உள்ளே விரலை மெதுவாகத் தடவி அந்த முள்ளை எடுங்கள். எடுக்காமல் ஒட்டினால் மறுநாளும் அதே இடம்தான். பக்கத்துப் பக்கமாக இரண்டு ஓட்டை என்றால் காற்றுக் குறைவில் குழிக்குள் விழுத்தியிருக்கிறீர்கள், றிம் ரியூப்பை நசித்திருக்கிறது. றிம் பக்கம் ஓட்டை என்றால் கம்பியின் முனை நீட்டி நிற்கிறது. றிம்மின் ரப்பர்ப் பட்டி விலகியிருக்கும், சரிப்படுத்துங்கள். வால்வின் அடியில் கிழிந்திருந்தால் ஒட்டு நிற்காது, புது ரியூப் போடவும். வால்கட்டை உள்ள ரியூப் மட்டும்தான் கிடைத்தது என்றாலும் பரவாயில்லை, றிம் துளை இரண்டுக்கும் பொருந்தும்.

ரயர் மாற்றும்போதுதான் பெரிய ஏமாற்றம் வரும். “26 தானே” என்று கடையில் தருவது 26 × 1⅜ ஆக இருந்தால் ஏறாது. அது 590 மில்லிமீற்றர் றிம்முக்கு, குரூசரின் 26 × 2.125 ஏறுவது 559 றிம்முக்கு. பழைய பெரிய சைக்கிளின் 28 × 1½ என்றால் 635. ரயரின் பக்கத்தில் சின்ன எழுத்தில் 57-559 என்பதுபோல ஒரு எண் இருக்கும், அந்தப் பின் எண் ஒத்துப்போனால் எடுங்கள். மவுண்டன் சைக்கிளின் 26 × 1.95, 26 × 2.10 எல்லாம் 559 தான், குரூசருக்கு ஏறும். புள்ளி எண்ணுக்குப் புள்ளி எண் என்று பிடித்துக்கொண்டால் அநேகமாகப் பிழைக்காது.

றோட்டில் வைத்துக் காற்றுப் போனால் வீதி ஓரத்திலேயே நின்று பாருங்கள். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள பக்கங்களில் நிழல் தேடிப் பற்றைக்குள் சைக்கிளை உருட்ட வேண்டாம்.

“ஹாண்டில் ஒரு பக்கம், சில்லு ஒரு பக்கம்”

முன் சில்லை முழங்கால்களுக்கிடையில் பிடித்து ஹாண்டிலைத் திருப்புங்கள். ஹாண்டில் மட்டும் திரும்பினால் கழுத்தின் மேல் ஆணியை இறுக்கவும். வசதிக்காக ஹாண்டிலை உயர்த்தியவர்கள் தண்டில் பொறித்திருக்கும் எல்லைக்கோடு வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் இறக்கியே ஆக வேண்டும், இல்லையென்றால் ஒருநாள் கையோடு வரும்.

சில்லைச் சுவரில் முட்ட வைத்து முன்னும் பின்னும் தள்ளும்போது டக் டக் என்றால் கழுத்துப் போல்ஸ் தளர்வு. ஓடும்போது மட்டும் ஆடுகிறது என்றால் முன் கூடையில் என்ன இருக்கிறது? ஐந்து கிலோ அரிசியும் ஒரு பூசணியும் இருந்தால் ஆடத்தான் செய்யும். பொருளாதாரத் தடைக் காலத்தில் விறகும் நெல்மூட்டையும் சைக்கிளில் கட்டி உருட்டிய ஊர் இது. கரியரைக் கண்டால் கை தானாகவே கயிற்றைத் தேடும். குரூசரின் கரியர் அதற்குச் செய்ததல்ல, தாங்கு கம்பி மெல்லிசு. மூட்டைக்கு வீட்டில் நிற்கும் பழைய லுமாலா சைக்கிளை எடுங்கள்.

சில்லே வளைந்திருந்தால், அதாவது சுற்றும்போது றிம் இடமும் வலமும் போய் வந்தால், கம்பி இழுப்பது கடைக்காரர் வேலை. அனுபவமில்லாமல் நிப்பிளைத் திருகினால் இருந்ததைவிட மோசமாகும். போக்கிலோ சட்டத்திலோ பெயின்ற் வெடித்துக் கோடு தெரிந்தால் ஓடுவதை அன்றோடு நிறுத்துங்கள். அதை ஒட்டு வேலைக்குக் கொடுப்பதைவிடப் போக்கை மாற்றுவதே பாதுகாப்பு.

“நாரி நோகுது, முழங்கால் நோகுது, கை விறைக்குது”

இதற்கும் முதல் மருந்து சாவிதான்.

முழங்காலின் முன்பக்கம் நோவு: சீற் பதிவு. குரூசரில் இருந்தபடியே இரண்டு காலையும் நிலத்தில் ஊன்றலாம் என்பதற்காக முழுவதும் பதித்துவிடுவார்கள். குதிக்காலைக் கீழ்ப் பெடலில் வைத்தால் கால் கிட்டத்தட்ட நேராக வர வேண்டும், அந்த அளவுக்கு உயர்த்துங்கள். நிற்கும்போது முன்பாதம் மட்டும் தொட்டால் போதும். பெடல் முன்னுக்குத் தள்ளி அமைத்த சைக்கிள்களில் கால் நீட்டியும் நிலம் எட்டும், அவற்றில் இந்தக் கஷ்டம் குறைவு.

நாரி நோவு: நிமிர்ந்து இருக்கும்போது குழியின் அடி முழுவதும் நேரே முள்ளந்தண்டுக்குத்தான். காற்றை 5 பி.எஸ்.ஐ. குறைத்துப் பாருங்கள். பெரிய குழியில் சீற்றைவிட்டுச் சற்று எழும்புங்கள். சீற்றின் ஸ்பிறிங் உடைந்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள், கோழி காரணம் இல்லை.

கை விறைப்பு: சீற்றின் மூக்கு கீழே சரிந்திருந்தால் உடம்புப் பாரம் கைக்குப் போகும். சீற்றைச் சமமாக வைத்து, மணிக்கட்டு மடியாதபடி ஹாண்டிலைச் சற்றுத் திருப்புங்கள். தொடை உரசுகிறது என்றால் தூரம் கூடிவிட்டது. அகன்ற சீற் அரைமணி, முக்கால் மணி ஓட்டத்துக்கு அருமை. கிளிநொச்சியிலிருந்து முறிகண்டிக்குப் போய்க் கச்சான் வாங்கி வரலாம், வவுனியாவுக்கு வேண்டாம்.

இவ்வளவும் செய்து இரண்டு மூன்று கிழமையிலும் நோவு விடவில்லை, அல்லது ஓடாத நேரத்திலும் கால் கை விறைக்கிறது என்றால் டொக்டரிடம் காட்டுங்கள்.

“கிறுக் கிறுக் என்று சத்தம்”

பெரும்பாலும் மட்காட் ஆணி, செயின் மூடி, சீற் ஸ்பிறிங். ஓடியபடி ஒவ்வொன்றாகக் கையால் பிடித்துப் பாருங்கள், எதைப் பிடித்தால் சத்தம் நிற்கிறதோ அதுதான். ஒவ்வொரு மிதிக்கும் ஒரு தரம் சத்தம் வந்தால் பெடலையோ கிராங்கையோ இறுக்க வேண்டும். முல்லைத்தீவுக் கடற்கரைக்கும் நந்திக்கடல் பக்கமும் ஓடுபவர்கள் வந்தவுடன் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, செயினுக்கு ஒயில் காட்டுங்கள். உப்புக் காற்றுக்குக் குரோம் றிம் வெகுநாள் தாங்காது.

“பழுதொண்டும் இல்லை, ஆனா ஓட மனமில்லை”

இங்கே திருத்த ஒன்றும் இல்லை, சைக்கிள்தான் பிழை. ஓடுபவர் யார், எந்த றோட்டு என்று பார்க்காமல் வாங்கியிருப்பீர்கள்.

கொழுத்த ரயர் குரூசர் கிறவல் றோட்டுக்கும் குளக்கட்டு மண்ணுக்கும் சுகம். வன்னி தட்டையான நிலம் என்பதால் ஒற்றைப் பல் போதும். ஆனால் தினமும் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் தார் றோட்டில் வேலைக்குப் போகிறவருக்கு அது சுமை. அவர் மூன்று கியர் உள்ளதைப் பார்க்கட்டும், அல்லது பாவித்த ஜப்பான் சைக்கிளை எடுக்கட்டும். அதிலும் இருப்பு நிமிர்வுதான், கூடை உண்டு, ரயர் ஒல்லி, தார் றோட்டில் வழுக்கிக்கொண்டு போகும். மாலையில் அரைமணி ஆறுதலாக ஓட விரும்பும் அம்மாவுக்கு, நடுப்பார் வளைந்து தாழ்ந்த சட்டம் வேண்டும். சேலையோடு ஏறி இறங்கிப் பார்த்துவிட்டே காசு கொடுங்கள். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் என்றால் இருட்ட முன்னர் வீடு சேரும் தூரத்துக்கு மட்டும்தான் எந்தச் சைக்கிளும், யானைக்கு பெல் அடித்துப் பயனில்லை.

வாங்கும் இடத்தில் கடை வாசலில் ஒரு சுற்று ஓடினால் காணாது. கிறவல் ஒழுங்கை ஒன்றுக்குள் கொண்டுபோய், ஒரு குழியில் இறக்கி, முழுதாக நிறுத்தி, திரும்ப எடுத்து ஓடுங்கள். கோஸ்டர் பிரேக் சைக்கிளில் நின்ற இடத்தில் பெடலைப் பின்னுக்குச் சுற்றி வசதியான இடத்துக்குக் கொண்டுவர முடியாது. பின் சில்லைச் சற்றுத் தூக்கியோ சைக்கிளை உருட்டியோதான் எடுக்க வேண்டும். இதற்குப் பழகமாட்டேன் என்பவர் கைப்பிரேக் உள்ளதையே வாங்குவது நல்லது.

பாவித்த ஜப்பான் சைக்கிளை எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிலவற்றின் பின் பிரேக் பட்டி வகை. அது பிடிக்கும்போது தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தும். சுத்தம் செய்தால் கொஞ்ச நாள் அடங்கும், பிறகும் கத்தும். உள்ளே ஒயில் விட்டால் சத்தம் போகும், பிரேக்கும் போகும். அதே இடத்தில் பொருந்தும் சேர்வோ வகைப் பிரேக் கிடைத்தால் கடையில் கொடுத்து மாற்றுங்கள். கிடைக்கும் வரை அதையே பெல்லாகப் பாவிக்கலாம்.